ஒக்டோபர் தொடக்கத்தில் கொழும்பு: வெயிலுக்கு உடுப்பதா, மழைக்கு உடுப்பதா?

ஒகஸ்ட் 27 – ரொறன்ரோ வாசகி ஒருவரின் கேள்வி

"செப்டெம்பர் கடைசியில் வந்து ஒக்டோபர் நடுவில் திரும்புகிறோம். எழுபதைத் தாண்டிய அம்மா, நான், பதினாறு வயது மகன். தங்குவது வெள்ளவத்தையில். பெரும்பாலும் கொழும்புக்குள்ளேதான் சுற்றுவோம். இங்கே அப்போது இலையுதிர்காலம் தொடங்கிவிடும், மேலங்கி இல்லாமல் காலையில் வெளியே இறங்க முடியாது. கொழும்புக்குக் கைபேசியில் பார்த்தால் எல்லா நாளும் மழையும் இடியுமாகப் படம் காட்டுகிறது. பயணத்தைத் தள்ளிப் போடுவதா? வருவதென்றால் பெட்டியில் எதை வைப்பது, எதை விடுவது?"

ஒகஸ்ட் 28, காலை

தள்ளிப் போட வேண்டாம். ஒரு நாளில் ஏதோ ஒரு மணிநேரம் மழைக்கு வாய்ப்பிருந்தால்கூடக் கைபேசி முழு நாளுக்கும் மழைப் படத்தைப் போட்டுவிடுகிறது. ஒக்டோபரில் கொழும்பில் அந்த வாய்ப்பு இல்லாத நாள் குறைவு. அதனால்தான் வரிசையாக ஒரே படம் தெரிகிறது. மணிக்கணக்கில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான நாட்களில் காலையும் முற்பகலும் தெளிவாகவே இருக்கும்.

வெப்பநிலையை ஒரு வரியில் முடித்துவிடலாம். பகலில் 30 பாகை, இரவில் 24, 25. ஜனவரியிலும் ஜூலையிலும் இதிலிருந்து பெரிதாக விலகாது. மாதத்துக்கு மாதம் இங்கே மாறுவது மழையும் காற்றும்தான். வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டை நான்காகப் பிரிக்கிறது: மார்ச், ஏப்ரல் முதலாவது இடைப்பருவம், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, ஒக்டோபர், நவம்பர் இரண்டாவது இடைப்பருவம், டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. தென்மேல் காற்று ஓய்ந்து இடைப்பருவம் தொடங்குகிற சந்தியில் நீங்கள் இறங்குகிறீர்கள். முதல் வாரமும் இரண்டாம் வாரமும் ஒன்றுபோல இருக்காது.

மெல்லிய பருத்தி உடுப்பு, ஆளுக்கொரு குடை, பின்வார் உள்ள செருப்பு. இது அடிப்படை. மற்றவற்றை வேலை முடிந்து வந்து எழுதுகிறேன்.

ஒகஸ்ட் 28, இரவு

தெஹிவளையிலிருந்து ஒருவர் மறுத்திருக்கிறார்: "ஒக்டோபர் கொழும்பில் மழை கூடிய மாதங்களில் ஒன்று. அவர்களை ஏன் வரச் சொல்கிறீர்கள்?" அவர் சொல்வது உண்மை. கொழும்பில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் ஒக்டோபரும் நவம்பரும் சராசரியாகத் தலா 300 மில்லிமீற்றரைத் தாண்டும். ஜனவரியில் அறுபது அளவில்தான் பெய்யும். ஐப்பசியில் அடைமழை என்று நம் முன்னோர் சும்மா சொல்லிவைக்கவில்லை.

ஆனால் அந்த 300 மில்லிமீற்றர் எப்படி விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நாள் முழுவதும் நசநசவென்று தூறி விழுவதில்லை. பிற்பகல் இரண்டுக்கும் இரவு எட்டுக்கும் இடையில் ஒன்றரை மணிநேரம் கொட்டித் தீர்த்துவிட்டு நிற்கும். மறுநாள் காலை கழுவிவிட்டதுபோல வானம். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவானால் மட்டும் இரண்டு, மூன்று நாள் மப்பும் மழையுமாக அடைத்துக் கிடக்கும். அது ஒக்டோபர் பிற்பாதியிலும் நவம்பரிலும்தான் அதிகம். இந்த வாசகி அதற்கு முன்பே திரும்பிவிடுகிறார்.

பாடசாலை விடுமுறை, விமான டிக்கெட் விலை எல்லாம் பார்த்துத்தான் புலம்பெயர்ந்தவர்கள் நாள் குறிக்கிறார்கள். ஜனவரியில் வாருங்கள் என்று நாம் சொல்லிவிடலாம், அவர்களால் முடிய வேண்டுமே.

ஒகஸ்ட் 30

"மழை வருவதை எப்படி முன்கூட்டியே தெரிந்துகொள்வது?" என்று ரொறன்ரோ வாசகி கேட்டிருக்கிறார். இது எனக்குப் பிடித்த கேள்வி. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குக் கடலோர ரயிலில் வேலைக்குப் போய்வருகிறவள் நான். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஊர். இரண்டு வானத்தையும் தினமும் பார்க்கிறேன்.

தென்மேல் பருவக்காற்று இருக்கும்வரை, அதாவது செப்டெம்பர் முடியும்வரை, மழை பெரும்பாலும் கடலிலிருந்து வருகிறது. தூரத்தில் சாம்பல் நிறத் திரை ஒன்று தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கும். சிறிது நேரத்தில் காற்று குளிர்ந்து வேகம் எடுக்கும். உடனே மழை. பத்து, இருபது நிமிடம் அடித்துவிட்டுப் போய்விடும், மறுபடி வரும். இரவிலும் விடியற்காலையிலும்கூட இப்படிப் பெய்யும். இடி குறைவு, காற்று அதிகம்.

ஒக்டோபரில் திசை மாறுகிறது. பருவக்காற்றின் பிடி தளர்ந்துவிடுவதால் காலை வெயில் நிலத்தை நன்றாகக் காய்ச்சுகிறது. கடற்காற்று ஈரத்தை உள்ளே தள்ளுகிறது. கிழக்கே அவிசாவளை, இரத்தினபுரிப் பக்கம் மேகம் குவியத் தொடங்குகிறது. மதியத்துக்குப் பிறகு அந்த மேகம் கரையை நோக்கி நகர்ந்து வருகிறது. ஆகவே மாலை மழையைப் பார்க்க வேண்டிய திசை கிழக்கு. உல்லாசப் பயணிகள் காலி முகத்திடலில் நின்றுகொண்டு, கடல் பக்கம் வெளிச்சமாக இருக்கிறது என்று நம்பிக் கச்சான் கொறித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால், ஊருக்கு மேலே, வானம் கத்தரிப்பூ நிறத்தில் இருட்டிக்கொண்டு வரும்.

அடையாளம் சொல்கிறேன். மதியம் இரண்டு மணி அளவில் காற்று சட்டென்று நின்றுவிடும். மரத்தில் இலை அசையாது. புழுக்கம் தாங்க முடியாது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு கிழக்கிலிருந்து குளிர்ந்த காற்று ஒன்று தெருக் குப்பையைக் கிளப்பிக்கொண்டு வரும். புறக்கோட்டை நடைபாதை வியாபாரிகள் பொலித்தீன் விரிப்பை உதறிச் சரக்கின் மேல் போடுவார்கள். அவர்கள் கை நீளும்போது நீங்கள் ஒரு கூரைக்குக் கீழே போய்விட வேண்டும். எந்தச் செயலியும் அந்த அளவுக்குத் துல்லியமாக எனக்குச் சொன்னதில்லை.

ஒகஸ்ட் 30, பிற்சேர்க்கை

வளிமண்டலவியல் திணைக்களத்தின் வானிலை அறிக்கை தமிழிலும் வருகிறது. அதில் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, நேரம்: "பிற்பகல் 1.00 மணிக்குப் பின்னர்" என்றிருந்தால் காலை உங்களுடையது. மற்றது, மில்லிமீற்றர் அளவு: மேல் மாகாணத்துக்கு 50 என்றிருந்தால் குடையும் பொறுமையும் போதும். 100 என்று எழுதியிருந்தால் அன்றைய மாலைத் திட்டத்தைக் கைவிட்டு வீட்டில் இருங்கள். காலி வீதியில் பஸ் நகராது. முச்சக்கர வண்டி கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை கூடியிருக்கும்.

செப்டெம்பர் 1

குடையா, மழைக்கோட்டா? இலண்டன் வாசகர் மழைக்கோட்டுக்காக வாதாடுகிறார், கைகள் இரண்டும் விடுதலையாக இருக்குமாம். பத்துப் பாகைக் குளிரில் சரி. முப்பது பாகையில், காற்றில் ஈரப்பதம் 80 வீதத்துக்கு மேல் இருக்கும்போது, பிளாஸ்திக் உறைக்குள் நுழைந்து பாருங்கள். வெளியே மழையில் நனைவதற்குப் பதில் உள்ளே வியர்வையில் நனைவீர்கள். குடைதான். அதையும் அங்கிருந்து சுமக்க வேண்டாம். வெள்ளவத்தையில் இறங்கிய அன்றே வாங்கலாம். ரெயின்கோ போன்ற உள்நாட்டுக் குடைகள் இங்கத்தைய காற்றையும் மழையையும் நினைத்துச் செய்தவை. மடக்கிப் பைக்குள் வைக்கிற குட்டிக் குடை செப்டெம்பர் கடற்காற்றில் ஒரே உதறலில் மறுபக்கம் விரிந்துவிடும். அம்மாவுக்கு நீளக் காம்புக் குடை வாங்கிக் கொடுங்கள், நடக்கும்போது ஊன்றிக்கொள்ளவும் உதவும். வெயிலுக்கும் அதே குடைதான்.

மகனுக்கு மட்டும் என் முடிவைச் சற்றுத் தளர்த்துகிறேன். பதினாறு வயதுப் பையன் குடை பிடிக்க மாட்டான். அவனுக்கு மெல்லிய, தண்ணீர் ஒட்டாத மேலாடை ஒன்று இருக்கட்டும். முதுகுப்பைக்கு மழை உறை கட்டாயம்.

முச்சக்கர வண்டி பற்றியும் சொல்ல வேண்டும். அதற்குப் பக்கக் கதவு கிடையாது. மழை வந்ததும் சாரதி இருபக்கமும் ரெக்சின் திரையை இறக்கிக் கொக்கி போடுவார். அப்படியும் ஓரத்தில் இருப்பவரின் ஒரு தொடையும் முழங்கையும் நனையும். அம்மாவை நடுவில் இருத்துங்கள். கைப்பைக்குள் சின்னத் துவாய் ஒன்றும், கடவுச்சீட்டைப் போட்டு மூட பொலித்தீன் உறை ஒன்றும் இருக்கட்டும்.

செப்டெம்பர் 3

காலணி. பெட்டியில் உடுப்பைவிட இதைத்தான் நன்றாக யோசித்து வைக்க வேண்டும்.

சப்பாத்தும் காலுறையும் முதல் மழையிலேயே ஊறிவிடும். இந்த ஈரப்பதத்தில் இரண்டு நாளானாலும் காயாது, மணக்கத் தொடங்கிவிடும். சாதாரண இறப்பர்ச் செருப்பு நனைந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் கடை வாசல்களில் பதித்திருக்கும் வழுவழுப்பான ஓட்டில் அது பனிச்சறுக்குதான், அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம். அடியில் பிடிப்புள்ள, பின்வார் உள்ள சாண்டல்தான் பொருத்தம். நனையலாம், துடைக்கலாம், கோயில் வாசலில் இலகுவாகக் கழற்றலாம். மகனுக்கு ஓட்டச் சப்பாத்து ஒரு சோடி இருந்தால் காலை நடைக்குப் போதும்.

தோல் சப்பாத்து, தோல் கைப்பை, தோல் இடுப்புப் பட்டி எதையும் கொண்டு வராதீர்கள். அலுமாரிக்குள் சில நாள் வைத்துவிட்டுத் திறந்தால் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சணம் பூத்திருக்கும்.

செப்டெம்பர் 3, சற்றுப் பிறகு

மழை நின்றதும் உடனே தெருவில் இறங்காதீர்கள். புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களிலும் மருதானைப் பக்கமும் வடிகால் தண்ணீர் இறங்க அரை மணிநேரமாவது வேண்டும். தண்ணீருக்குக் கீழே கான் மூடி இருக்கிறதா, இல்லையா என்று தெரியாது. ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போகலாம். காலில் காயம் இருந்தால் அந்தத் தண்ணீரில் கால் வைக்கவே கூடாது.

செப்டெம்பர் 6

"எத்தனை சோடி உடுப்பு?" நீங்கள் நினைப்பதைவிடக் கூட வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு சட்டை செலவாகும், காலையில் ஒன்று, மாலைக் குளியலுக்குப் பிறகு ஒன்று. மூன்றாம் மாடியில் இருக்கிற எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கொடி கட்டியிருக்கிறோம். ஒக்டோபரில் விதி ஒன்றுதான்: காலை ஏழு மணிக்குள் துவைத்துக் கொடியில் போட்டுவிட வேண்டும், ஒரு மணிக்குள் எடுத்துவிட வேண்டும். மெல்லிய பருத்திச் சட்டை அதற்குள் மொரமொரவென்று காய்ந்துவிடும். ஜீன்ஸ் காயாது. இடுப்புப் பகுதியும் பைத் தையலும் ஈரமாகவே இருக்கும். அதை மின்விசிறிக்குக் கீழே கதிரையில் விரித்துப் போட்டு அடுத்த நாளும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஜீன்ஸை விட்டுவிட்டு மெல்லிய துணிக் காற்சட்டை கொண்டு வாருங்கள்.

எல்லாமே பருத்தியாக வேண்டுமா என்றும் யோசித்துப் பார்த்தேன். சட்டைக்குப் பருத்தியை அடிக்க ஒன்றுமில்லை. கீழாடைக்கு, நடந்து சுற்றும் நாட்களுக்கு, விரைவில் காயும் கலப்புத் துணி நல்லது. நிறமும் முக்கியம். சாம்பல் நிறச் சட்டையில் வியர்வை வரைபடமே தெரியும். வெள்ளையில் புறக்கோட்டைச் சேறு தெரியும். பூப் போட்டது, கட்டம் போட்டது எல்லாம் பாதுகாப்பு.

செப்டெம்பர் 7

இவ்வளவு நேரம் மழையைப் பற்றியே பேசிவிட்டோம். வெயிலை யாரும் கேட்கவில்லை. வருகிறவர்களை உண்மையில் வீழ்த்துவது அதுதான்.

கொழும்பின் உச்சிக்கு நேராகச் சூரியன் ஆண்டில் இருமுறை வருகிறது, ஏப்ரல் தொடக்கத்தில் ஒருமுறை, செப்டெம்பர் தொடக்கத்தில் ஒருமுறை. இப்போது அந்த நாட்கள்தான். நண்பகலில் நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும். ஒக்டோபர் தொடக்கத்திலும் பெரிதாக மாறாது. மப்பு மந்தாரமாக இருக்கிறதே என்று தொப்பி இல்லாமல் போகிறவர்களுக்குத்தான் மாலையில் கழுத்தும் மூக்கும் சிவந்து எரியும். பத்தரைக்கும் மூன்றுக்கும் இடையில் திறந்த வெளியில் அலைய வேண்டாம். வெயில் பூச்சுக் களிம்பை அங்கிருந்தே கொண்டு வாருங்கள்.

எனவே நாளை இப்படிப் பிரியுங்கள். ஆறரை முதல் பத்தரை வரை நடை, சந்தை, கோயில், விகாரமகாதேவி பூங்கா. நடுப்பகல் வீடு, உறக்கம். பிற்பகல் கூரை உள்ள இடங்கள். 1877 இல் திறக்கப்பட்ட தேசிய நூதனசாலை, புத்தகக் கடைகள், உறவினர் வீடு. மாலை மழை இல்லாவிட்டால் கடற்கரை. அந்த நாட்களில் ஆறு மணிக்கே சூரியன் மறைந்துவிடும், ஆறரைக்கு நன்றாக இருட்டிவிடும். கனடாவின் நீண்ட அந்திப்பொழுதை இங்கே எதிர்பார்க்காதீர்கள்.

செப்டெம்பர் 11

ஸ்வெட்டர் வேண்டாம் என்று ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். எனக்கு உடன்பாடில்லை. வங்கி, திரையரங்கு, தூர ஊர் சொகுசு பஸ் எல்லாவற்றிலும் குளிரூட்டி நடுங்க வைக்கும். வியர்த்த உடம்போடு உள்ளே போனால் அம்மாவுக்கு அன்றிரவே தொண்டை கட்டும். மெல்லிய பருத்திச் சால்வை ஒன்று போதும். பஸ்ஸில் போர்வை, கோயிலில் மேலாடை, மழையில் தலைக்குத் துணி.

மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் இதையும் கேளுங்கள். குளிரூட்டிய வாகனத்திலிருந்து இறங்கிய நொடியில் கண்ணாடி முழுக்க வெண்புகை படர்ந்துவிடும். படிக்கட்டில் கால் வைக்கிற நேரம் பார்த்து ஒன்றும் தெரியாது. நின்று, துடைத்து, பிறகு இறங்குங்கள். கமராவுக்கும் இதே கதி. அதைப் பைக்குள்ளேயே வைத்துப் பத்து நிமிடம் கழித்து வெளியே எடுத்தால் வில்லை தெளிவாக இருக்கும்.

செப்டெம்பர் 13

அம்மாவின் மருந்துகளைப் பற்றி ஒரு தங்கை தனியாகக் கேட்டதை இங்கேயே எழுதுகிறேன், பலருக்கும் பயன்படும். மாத்திரைப் பெட்டிகளில் 25 பாகைக்குக் கீழே, அல்லது 30 பாகைக்குக் கீழே வைக்கவும் என்று அச்சிட்டிருக்கும். கொழும்பில் மூடிய அறை பகலில் 30ஐத் தாண்டும். ஜன்னலோர மேசையிலோ சமையலறைத் தட்டிலோ வைக்காதீர்கள், அறைக்குள் குளிர்ந்த மூலையில், மூடிய டப்பாவில் வையுங்கள். இன்சுலின் குளிர்சாதனப் பெட்டிக்குள், உறையும் தட்டுக்கு எட்டாமல். காது கேட்கும் கருவி அணிபவர் என்றால் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களை டப்பாவில் போட்டு, இரவில் கருவியை அதற்குள் வையுங்கள்.

குடிக்க: செவ்விளநீர், உப்பிட்ட தேசிக்காய்த் தண்ணீர். இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் உப்பும் இளநீரும் எவ்வளவு என்று புறப்படும் முன் வைத்தியரிடம் கேட்டு வரவேண்டும். எழுபது வயதில் தாகம் பிந்தித்தான் தெரியும். கேட்கும்வரை காத்திராமல் நீங்களே நேரம் பார்த்துக் கொடுங்கள்.

செப்டெம்பர் 14

நுளம்பு. மழையும் வெயிலும் மாறி மாறி வரும் காலம் டெங்கு நுளம்புக்கு ஏற்ற காலம். 2017 இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. அந்த ஆண்டு எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு ஒருவர் படுத்திருந்தார்கள். இந்த நுளம்பு பகலில் கடிக்கும், விடிந்த பின்னும் பொழுது சாயும் முன்னும் அதிகம். நுளம்பு வலையை மட்டும் நம்பிப் பயனில்லை. வெளிர் நிற முழுக்கைச் சட்டை, கால் மறைக்கும் மெல்லிய காற்சட்டை, தோலில் பூசும் நுளம்பு விரட்டி. காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும். அஸ்பிரின், இபுபுரூபன் வேண்டாம். உடனே இரத்தப் பரிசோதனை. இதில் சமரசம் செய்யாதீர்கள்.

செப்டெம்பர் 18

"கடந்த நவம்பர் போல வெள்ளம் வந்தால்?" என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் செய்ததைப் பார்த்த யாருக்கும் அந்தப் பயம் இருக்கும். நாடு முழுவதும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. களனி கங்கை கரை மீறி, கொலன்னாவைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. 2010 நவம்பரில் ஒரே இரவு மழையில் ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டை பாராளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. இவை ஒக்டோபர் முதல் இரண்டு வாரங்களின் வழக்கம் அல்ல. ஆனாலும் 2024 ஒக்டோபர் நடுவில் கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் வெள்ளத்தால் பாடசாலைகளை மூடினார்கள். ஆகவே வரமாட்டாது என்று யாரும் உங்களுக்கு உறுதி தர முடியாது.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் காலி வீதியும் கடற்கரைப் பக்கமும் பொதுவாகத் தப்பிவிடும். தாழ்வான இடங்கள், கால்வாயோரம், களனி ஆற்றோரம் தங்குகிறவர்கள் யோசிக்க வேண்டும். விமான நிலையம் கட்டுநாயக்கவில், கொழும்பிலிருந்து முப்பது கிலோமீற்றருக்கு மேல். திரும்புகிற நாள் மாலை விமானம் என்றால் மழை தொடங்குவதற்கு முன்பே வீட்டிலிருந்து புறப்பட்டுவிடுங்கள். 2013 இல் அதிவேகப் பாதை திறந்த பிறகு நெடுந்தூரம் சிக்கலில்லை. வெள்ளவத்தையிலிருந்து அந்தப் பாதையில் ஏறும்வரைதான் நேரம் தின்னும்.

மின்னலைப் பற்றியும் ஒரு சொல். ஒக்டோபர், நவம்பர் மின்னல் கடுமையான காலம். காலி முகத்திடல் போன்ற வெட்டவெளியில் இடி கேட்டால் உடனே கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு அரை மணிநேரம் போகும்வரை வெளியே வராதீர்கள். வீட்டில் கைபேசி, மடிக்கணினி மின்னேற்றியைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். இங்கே சதுர முள் மூன்று உள்ள செருகியும் உருண்டை முள் மூன்று உள்ளதும் புழக்கத்தில் இருக்கின்றன. கனடாச் செருகி எதிலும் பொருந்தாது, மாற்றி கொண்டு வாருங்கள்.

செப்டெம்பர் 20

கோயிலுக்கு. நவராத்திரி நெருங்குவதால் பலரும் பட்டுச்சேலையைப் பெட்டியில் வைக்கிறார்கள். ஒன்று போதும். மாலைப் பூசைக்குப் போகும் நேரமும் மழை நேரமும் ஒன்றேதான். கரை நனைந்த பட்டைப் பார்க்க மனம் பதைக்கும். கைத்தறிப் பருத்திச் சேலை கண்ணுக்கும் அழகு, உடம்புக்கும் சுகம். இங்கேயே நல்லது கிடைக்கும். மகனுக்கு வேட்டி வையுங்கள், பல கோயில்களில் ஆண்கள் மேற்சட்டை கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயில் முழுவதும் கருங்கல். உள்ளே எந்த நேரமும் குளுமைதான். வெளி முற்றத்தில் நண்பகலில் வெறுங்காலை வைத்தால் கொப்பளிக்கும். காலைப் பூசைக்குப் போங்கள்.

செப்டெம்பர் 22

வேறு ஊர்கள், சுருக்கமாக. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், இரவில் பத்துப் பன்னிரண்டு பாகைக்கு இறங்கும். ரொறன்ரோவிலிருந்து போட்டுக்கொண்டு வருகிற மேலங்கி அங்கேதான் பயன்படும். யாழ்ப்பாணம் அந்த நாட்களில் இன்னும் காய்ந்துதான் இருக்கும், மாரி அதற்குப் பிறகுதான் வலுக்கும். திருகோணமலையில் கடல் செப்டெம்பர் வரை அமைதி. மேற்குக் கரையில் நேர்மாறு: கல்கிசைக் கடல் பருவக்காற்றில் கொந்தளித்துக்கொண்டிருக்கும், ஒக்டோபரில் மெல்ல மெல்ல அடங்கும். சிவப்புக் கொடி பறந்தால் கணுக்கால் அளவுக்குக்கூட இறங்க வேண்டாம். உங்கள் மகனிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

அந்த மேலங்கியைக் கட்டுநாயக்கவில் இறங்கும் முன்பே கழற்றிக் கைப்பெட்டியில் திணித்துவிடுங்கள். திரும்பும்போது கட்டாயம் வேண்டும். நடு ஒக்டோபரில் ரொறன்ரோ விமான நிலையத்துக்கு வெளியே பருத்திச் சட்டையோடு நிற்க முடியாது. பெரிய பெட்டியின் அடியில் வைத்துவிட்டால் அங்கே பெட்டி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

செப்டெம்பர் 27

காற்று குறைந்துவிட்டது. சென்ற வாரம்வரை காலி முகத்திடலில் பட்டங்கள் கயிற்றை அறுத்துக்கொண்டு போகப் பார்த்தன. இன்று மாலை பட்டம் விற்கிறவர் ஓடி ஓடி ஏற்றிக் காட்டினார், பட்டம் எழும்பி எழும்பித் தரைக்கே வந்தது. வீட்டில் ஜன்னல் திரை அசையவில்லை, மின்விசிறியை ஐந்தில் வைத்தும் வியர்க்கிறது. நேற்று மூன்றரைக்குக் கிழக்கில் முதல் இடி கேட்டது. ஆகவே நீங்கள் இறங்குகிற வாரத்தில் கடல் மழையைவிட மாலை இடிமழையைத்தான் எதிர்பாருங்கள்.

ஒக்டோபர் 1

ரொறன்ரோ வாசகி வந்து சேர்ந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். "விமான நிலையக் கதவு திறந்ததும் முகத்தில் ஆவி அடித்தது, அம்மா மட்டும் சிரித்தார்." அம்மாவுக்கு இது சொந்தக் காற்று, இரண்டு நாளில் உங்களை விட உற்சாகமாக நடப்பார். நீங்களும் மகனும்தான் முதல் மூன்று நாள் நிதானமாக இருக்க வேண்டும். உடம்பு பழகாமல் நடுப்பகலில் அலைந்தால் தலையிடி நிச்சயம்.

நாளைக்குப் புறக்கோட்டையும் தாமரைக் கோபுரமும் ஒரே நாளில் முடியுமா என்று கேட்கிறார். முடியும், வரிசைதான் முக்கியம். அறிக்கையில் பிற்பகல் 1.00 மணிக்குப் பின் மழை, சில இடங்களில் 50 மில்லிமீற்றர் என்று போட்டிருக்கிறார்கள். 350 மீற்றருக்கு மேல் உயர்ந்த கோபுரத்தில் ஏறி மேகத்தின் வயிற்றைப் பார்த்துவிட்டு வருவதில் பயனில்லை. துணிக்கடைகள் ஒன்பது மணி அளவில் திறக்கும்போதே அம்மாவை இரண்டாம் குறுக்குத் தெருவுக்குக் கூட்டிப் போங்கள். வெள்ளவத்தையிலிருந்து 100, 101 பஸ் இரண்டும் புறக்கோட்டைக்குப் போகும். பதினொன்றுக்குள் துணியை முடித்துவிட்டுக் கோபுரத்துக்கு முச்சக்கர வண்டி பிடியுங்கள். ஒரு மணிக்கு வீட்டில் சோறு. துணிப் பைகளுக்கு மேலே போட பெரிய பொலித்தீன் உறை இரண்டு கையில் இருக்கட்டும். கடைக்காரர் தருவது மெல்லியது, கிழிந்துவிடும்.